ஏழு கிளிப்புகளும் ஒரு சின்ன வேலையும்

திரையில் வந்த வாசகம் மன்னிப்புக் கேட்டுத்தான் தொடங்கியது. ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறதாம். அதை முடித்துவிட்டால் மேற்கொண்டு போகலாமாம். அதற்கு பிரவுசரை மூடித் திறக்க வேண்டுமாம். ஆங்கிலத்தில் மூன்று வரி, கீழே நீல நிறத்தில் ஒரே ஒரு பொத்தான். வேண்டாம் என்று சொல்வதற்குப் பொத்தான் இல்லை. அப்போது மணி பதினொன்று பன்னிரண்டு, வியாழக்கிழமை. தினமும் டைரி எழுதுகிறவள் என்பதால் இந்த நேரங்களில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஒன்பது வருடமாக ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர். சாதிச் சான்று, பட்டா, ரேஷன் அட்டைத் திருத்தம், கல்லூரி விண்ணப்பம் என்று காலை ஒன்பதுக்கே ஆள் வந்துவிடும். தனி மாவட்டம் ஆனதும் அலுவலகங்கள் பக்கத்தில் வந்தன. வரிசை மட்டும் அங்கிருந்து நகர்ந்து என் கடை வாசலுக்கு வந்தது.

நான் வேலை செய்யும் முறை இதுதான். வருகிற ஒவ்வொருவருக்கும் பிரவுசரில் ஒரு டேப் திறப்பேன். அவருக்கு என்ன வேலை, என்ன காகிதம் குறைகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மானிட்டருக்கு மேலே கட்டியிருக்கும் கம்பியில் துணி மாட்டுகிற கிளிப்பால் மாட்டிவிடுவேன். இடமிருந்து வலமாக டேப் எந்த வரிசையோ, கிளிப்பும் அந்த வரிசை. ஒருவர் போட்டோ எடுக்கப் போயிருப்பார், இன்னொருவர் வீட்டுக்குப் போன் போட்டு ஆதார் எண் கேட்டுக்கொண்டிருப்பார். அவர்கள் வரும்வரை பக்கம் தூங்கிவிடாமல் இருக்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டேப்பாகப் போய் எங்காவது ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டு வருவேன். சும்மா இருந்தால் அரசாங்கத் தளங்கள் வெளியே தள்ளிவிடும். திரும்ப உள்ளே போக மறுபடியும் ஓ.டி.பி. வேண்டும். அது வரும் போன் அந்த நேரத்தில் எங்கே இருக்குமோ, யார் கண்டது? அதனால் காலையில் திறந்த பிரவுசரை மாலைவரை நான் மூடுவதே இல்லை.

அப்டேட்டுக்கும் ஒரு நாள் வைத்திருந்தேன். இரண்டாவது சனிக்கிழமை, கடைசி ஆள் போன பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எல்லாவற்றையும் மூடி, அப்டேட் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்துத் திறந்து, ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். போட்ட நாளை டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைப்பேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அப்டேட்டே போடாமல் இருந்துவிட்டுப் புலம்புகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு குக்கிராமம். முதல் பஸ்ஸைப் பிடிக்க மூன்று மணிக்கே எழுந்தவர்கள். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். அரசுக் கல்லூரியில் தாவரவியல் சேர விண்ணப்பிக்க வேண்டும். அன்று மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது.

“ஏம்மா, கடைசி நாள் வரைக்கும் வுட்டீங்க?” என்றேன்.

“சாதிச் சான்று நேத்துத்தாங்க கைக்கு வந்துச்சு” என்றார் அந்த அம்மா. “அதுக்கு நாலு தபா கீழ எறங்கினேன். போய்ட்டு நாளைக்கு வா, போய்ட்டு நாளைக்கு வா. எங்களுக்குன்னு வெச்சிருக்குற பதிலே அதானுங்க.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பள்ளியில் பதிந்திருந்தது அப்பாவின் போன் எண். ஓ.டி.பி. அதற்குத்தான் போகும். அவர் குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. குடியிருப்புக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் மேலே ஏறி நின்றால் கிடைக்கும். பத்து மணிக்குள் கேட்டுவிடுங்கள், மேஸ்திரி கூப்பிட்டால் போக வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். ஒன்பது நாற்பதுக்குத் தளத்தில் ஓ.டி.பி. கேட்டோம். தொட்டியின் மேல் நின்றபடி அவர் ஒவ்வோர் எண்ணாகப் படிக்க, அந்த அம்மா தன் சின்ன பட்டன் போனில் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல, மகள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். உள்ளே போய்விட்டோம்.

படிவம் எட்டுப் பக்கம். இடையில் சேமித்துவைக்கும் வசதி அந்தத் தளத்தில் இல்லை. எல்லாவற்றையும் நிரப்பிக் கடைசியில் ஒருமுறை சரிபார்த்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். மதிப்பெண், சான்று எண், பாட வரிசை எல்லாம் போட்டேன். விடுதி வேண்டுமா என்ற இடத்தில் அந்தப் பெண் என்னை நிறுத்தி, “மேடம், அது ஆமான்னு போடுங்க. அது இல்லனா நான் படிக்கவே முடியாது” என்றாள். அவர்கள் ஊர்ப்பக்கம் போகும் கடைசி பஸ் கள்ளக்குறிச்சியிலிருந்து மூன்று நாற்பதுக்குக் கிளம்பிவிடும். ‘ஆம்’ என்று போட்டேன். போட்டோவின் பின்னணி வெள்ளையாக இல்லை என்று தளம் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டுடியோவுக்கு அனுப்பினேன். அவர்கள் வரும்வரை அந்த டேப்பை நான்கு முறை தொட்டுவிட்டு வந்தேன். பதினொன்று பத்துக்குப் போட்டோ ஏறியது. எல்லாம் முடிந்தது. சரிபார்க்கும் பக்கத்துக்கான பொத்தானை அழுத்தினேன். அந்தப் பக்கம் புதிய டேப்பில்தான் திறக்கும்.

புதிய டேப் திறந்தது. அதில்தான் அந்த மன்னிப்பு.

பழைய டேப்புக்குப் போனேன். படிவம் அப்படியே இருந்தது, எட்டுப் பக்கமும், போட்டோவோடு. மறுபடி அழுத்தினேன். மறுபடி மன்னிப்பு. வேறொரு டேப் திறந்து பார்த்தேன், அதிலும் அதே மூன்று வரி. நிரப்பிய காகிதம் கையில் இருக்கிறது, அதை நீட்ட வேண்டிய ஜன்னலை மட்டும் யாரோ சாத்திவிட்டார்கள். நான் அப்டேட் எதுவும் போடவில்லை. அன்று சனிக்கிழமையும் இல்லை.

எங்கள் பகுதிக் கடைகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் சரிசெய்கிறவருக்குப் போன் செய்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். நான் ‘தம்பி’ என்பேன், அவர் ‘அக்கா’ என்பார்.

“அது ஒண்ணும் இல்லக்கா. அப்டேட் விழுந்திருக்கும். ரீஸ்டார்ட் குடுங்க.”

“நான் போடலியே தம்பி.”

“தானா விழும்க்கா. போன வாரம் வந்தன்ல, அப்பதான் ஆட்டோமேட்டிக்ல வெச்சுட்டுப் போனேன். நீங்க இன்னாத்துக்கு சனிக்கெழம ஆனா குந்திக்கினு கஷ்டப்படணும்னு.”

“இங்க ஏழு பேரு வேலை தொறந்து கிடக்குது. ஒரு பொண்ணோட காலேஜ் ஃபார்ம் முழுசா நிரப்பி நிக்குது. மூடினா போயிடுமா?”

“எங்க போவும்? எல்லா டேப்பும் இருந்தது இருந்தபடி வந்துடும்க்கா. நானு கேரண்டி.”

நான் ஐந்து நிமிடம் யோசித்தேன். வேறு வழி தெரியவில்லை. நீலப் பொத்தானை அழுத்தினேன்.

அவர் சொன்னது பொய் இல்லை. ஏழு டேப்பும் வந்தன, அதே வரிசையில், மேலே கிளிப்புகள் இருந்த அதே வரிசையில், தலைப்புகூட மாறாமல். ஒவ்வொன்றையும் திறந்தபோது உள்ளே, உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி உள்நுழையுங்கள் என்று எழுதியிருந்தது. பட்டா டேப்பில் பட்டா இல்லை, ரேஷன் டேப்பில் ரேஷன் அட்டை இல்லை, எட்டுப் பக்கப் படிவம் இருந்த இடத்தில் போன் எண் கேட்கும் ஒரு வெற்றுக் கட்டம். வீட்டுக் கதவு எண்களை மட்டும் வைத்துவிட்டு ஆட்களைக் காலிசெய்த தெரு போல இருந்தது.

பெஞ்சில் பட்டாவுக்காக உட்கார்ந்திருந்த திருநாவலூர்க்காரர், வெற்றிலை மென்றபடி கம்பியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இன்னாம்மா, காலையிலேருந்து கிளிப்பு போட்டு மாட்டிக்கினே இருந்தீங்க. துணி காய்றதுக்குள்ள மழை வந்துடுச்சா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

“இப்ப இன்னாங்க பண்றது?” என்றார் அவர்.

“திரும்ப ஓ.டி.பி. வேணும்மா. அவரக் கூப்புடுங்க.”

கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி, மறுபடி. “தோட்டத்துக்குள்ள போயிட்டாருங்க. சாயந்தரம் நாலரைக்குத்தான் தொட்டிகிட்ட வருவாரு” என்றார். எண்ணை மாற்றிவிடலாம் என்று பார்த்தால், பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பித்தான் எண்ணை மாற்ற விடுமாம். இதை யோசித்து வைத்தவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஏறி நின்று போன் பேசுகிற ஊராக நிச்சயம் இருக்காது.

மற்ற ஆறு பேரின் வேலையையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்தேன். அவர்களின் போன்கள் அவர்கள் கையிலேயே இருந்தன. பன்னிரண்டரைக்குத் தம்பி வந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், குரலைத் தணித்துக்கொண்டார்.

“பழைய ஃபைல எடுத்துட்டுப் புது ஃபைல வெச்சிடுச்சுக்கா. ஓடிக்கினு இருக்குறது பழசு. புது டேப்பு தொறக்கணும்னா உள்ள இருக்குற புதுசத் தேடுது. ரெண்டும் ஒத்துப்போவல. அதான் மூடித் தொறன்னு கேக்குது. செக்யூரிட்டி அப்டேட்டுக்கா இது, போடாம வுட்டா எவனாவது உள்ள பூந்துடுவான்.”

“போட வேணாம்னு நான் என்னைக்காவது சொன்னனா? நான் உட்காந்திருக்கும்போது என் நாற்காலியை மாத்தாதேன்றேன். ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துன்றேன்.”

“உங்களுக்குத் தொல்லை கம்மியாவட்டும்னுதான்க்கா...”

“தொல்லை கம்மியாச்சா?”

அவர் திரும்பினார். பெஞ்சிலிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்து, “ஃபார்ம் திரும்ப அடிச்சிடலாம்மா, பயப்படாத” என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளங்கையில் காலையில் எழுதிய எண்கள் வியர்வையில் பாதி அழிந்திருந்தன.

எனக்குத் தாங்காதது இதுதான். அவர் நல்லவர். அப்டேட் செய்தவர்களும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். எல்லோரும் நம் நன்மைக்குத்தான் செய்கிறார்கள். நம்மைக் கேட்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஒரு பிரவுசர் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அதன் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஆளுக்கு முன்னால் இன்னொரு ஆள், மூன்று மணிக்கு எழுந்து மலை இறங்கி வந்தவர், உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். நாலு தபா கீழே இறங்கியவரை நாளைக்கு வா என்று சொன்ன அலுவலகத்துக்கும், ஒரு சின்ன வேலை என்று சொன்ன இந்தத் திரைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அலுவலகம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று நாற்பது பஸ் போய்விட்டது. அது கடையைத் தாண்டிப் போனபோது இருவரும் எழுந்து பார்க்கக்கூட இல்லை. தயிர் சாதம் வாங்கி வந்து கொடுத்தேன். மகள் சாப்பிட்டாள், அம்மா பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தார்.

நாலு முப்பத்தொன்றுக்குத்தான் அப்பாவின் போனில் மணி அடித்தது. எடுத்தவர் மூச்சு வாங்கினார். தொட்டியின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாராம். முதல் ஓ.டி.பி. அவருக்கு வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்து செல்லாததாகிவிட்டது. இரண்டாவது வந்தது.

“ஏழு... அப்பறம் ரெண்டு... இரு, வெயிலு அடிக்குது, எழுத்து தெரியல... ரெண்டு, ஒம்போது...”

“மெதுவா சொல்லுயா, பொண்ணு எழுதிக்கினு இருக்குது.”

“காலையிலயே முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். இன்னா ஆச்சு?”

“அத அப்பறம் சொல்றேன். நம்பரச் சொல்லு.”

நாலு முப்பத்தெட்டுக்கு உள்ளே போனேன். எட்டுப் பக்கம், மிச்சம் இருந்தது இருபத்திரண்டு நிமிடம். நான் பத்து வருடம் டைப்பிங் சொல்லிக்கொடுத்தவள். என் விரல்கள் அன்று போல் ஓடியதில்லை. நாலு ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பிவிட்டேன். ஒப்புகைச் சீட்டை இரண்டு பிரதி அச்சடித்தேன், அவர்களுக்கு ஒன்று, என் கோப்புக்கு ஒன்று. அந்த அம்மா சீட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். ஐந்தே முக்காலுக்கு வெள்ளிமலை பஸ். அங்கிருந்து நடை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கடை திறந்து, முந்தைய நாள் பிரதிகளைக் கோப்பில் சேர்த்தேன். சேர்க்கும்போது ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்ப்பது வழக்கம். அந்தப் பெண்ணின் சீட்டில் ஏழாம் பக்கத்து விவரத்தில் இருந்தது: விடுதி தேவையா? இல்லை.

தளம் தானாகவே ‘இல்லை’ என்று வைத்திருக்கும். நாம்தான் மாற்ற வேண்டும். காலையில் மாற்றினேன். மாலையில் மாற்றவில்லை. அனுப்புவதற்கு முன் படிவம் முழுவதையும் மேலிருந்து கீழ்வரை வந்தவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவது ஒன்பது வருடமாக என் விதி. அன்று மட்டும் நேரம் இல்லை என்று படிக்கவில்லை. தவறு என் விரலுடையது. டைரியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் காலையில் சரியாக இருந்த ஒரு சொல்லை, யாரும் கேட்காத ஒரு வேலைக்காக அழித்து, என்னைக் கடிகாரத்தின் முன் உட்காரவைத்தது எது என்பதையும் அதற்கு அடுத்த வரியில் எழுதியிருக்கிறேன்.

உதவி எண்ணுக்குப் பேசினேன். முடிந்த பிறகு திருத்த முடியாது என்றார்கள். அந்த அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.  “அப்ப அவ படிக்க முடியாதா?” என்றார். சேர்க்கை நாளன்று நான் உடன் வருகிறேன் என்றேன்.

அந்த நாளில் கடையை மூடிவிட்டுப் போனேன். காலை ஒன்பது இருபதிலிருந்து மாலை நாலு ஐம்பத்து மூன்றுவரை நேரவாரியாக எழுதிக் கையெழுத்திட்ட ஒரு கடிதம் என் கையில் இருந்தது. இடம் கிடைத்துவிட்டது, தாவரவியலேதான். விடுதி மேசையில் இருந்த எழுத்தர் திரையைப் பார்த்தார்.

“வேணான்னு போட்டிருக்குதே.”

“அது நான் போட்ட தப்பு. இதுல எழுதியிருக்கேன்.”

“நீங்க யாரு?”

“இதை அடிச்சவ.”

கடிதத்தை முழுதும் படித்தார். “அப்டேட்டு” என்று ஒரு பெருமூச்சு விட்டார். “எங்களுக்கும் போன வருஷம் இப்படித்தான் ஆச்சு. ஆனா லிஸ்டு முடிஞ்சிடுச்சும்மா. எவளாவது வராம வுட்டா அப்பறம் இந்தப் பொண்ணுக்குத் தரேன்.” கடிதத்தின் ஓரத்தில், விடுதி தேவை என்று கையால் எழுதி, அடிக்கோடு போட்டு, கோப்பில் வைத்தார். அந்த வருடம் அந்தப் பெண்ணுக்கு நடந்த வேலைகளில் மூடித் திறக்காமல் நிலைத்தது அந்தப் பேனா எழுத்து ஒன்றுதான்.

விடுதி கிடைக்கப் பத்தொன்பது கல்லூரி நாட்கள் ஆயின. அத்தனை நாளும் அவள் மூன்று நாற்பது பஸ்ஸுக்காக மூன்று மணிக்கே வகுப்பை விட்டுக் கிளம்பினாள். கடைசி மணிநேரம் செய்முறை வகுப்பு. மைக்ராஸ்கோப்பில் முதல் பாடம் எதையும் அவள் பார்க்கவில்லை. திரையில் வந்த சின்ன வேலையின் அளவு எனக்கு இப்போது தெரியும். பத்தொன்பது மணிநேரம்.

தம்பி வந்து பழையபடி மாற்றிக் கொடுத்தார். இப்போது கேட்டுவிட்டுத்தான் அப்டேட் விழும். நான் சனிக்கிழமை பழக்கத்துக்குத் திரும்பிவிட்டேன்.

விடுதி கிடைத்த மறுவாரம் அவள் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக வந்தாள், இந்த முறை அப்பா எண்ணுக்குப் பதில் சொந்த எண்ணோடு. பாதி நிரப்பியபோது திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி எழும்பியது. அப்டேட் தயார், இப்போதா, பிறகா என்று கேட்டது. என் கை மவுஸில் நின்றது.

“யாரு மேடம் கேக்குறாங்க?” என்றாள்.

“அந்தக் கம்ப்யூட்டருதான். இப்பத்தான் கேக்கக் கத்துக்கிச்சு.”

“பிறகுன்னு போடுங்க” என்றாள்.

போட்டேன். படிவம் முடிந்ததும், நான் உரக்கப் படிக்க வாயைத் திறப்பதற்குள் அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தானே மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கினாள். பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்று எண், கல்லூரி. தங்குமிடம் என்ற வரி வந்தது. விடுதி என்று இருந்தது. அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தாள்.